குளத்து மறுகாலில் ஓர் ஆரஞ்சு ஸ்கிப்பர்: தமிழ் கிராஸ் டார்ட்தானா இது?

கேள்வி, நவம்பர் 9, காலை

சேரன்மகாதேவி பக்கம், எங்கள் ஊர்க் குளத்து மறுகால் (குளம் நிரம்பினால் நீர் வழியும் இடம்) ஓரத்துப் புல்லில் இன்று எடுத்த வண்ணத்துப்பூச்சிப் படம். இறக்கையை விரித்தால் ஐந்து ரூபாய் நாணய அகலம் இருக்கும். கரும்பழுப்பில் ஆரஞ்சுத் திட்டுகள். செல்போனில் ஒரு ஆப்பில் போட்டுப் பார்த்தேன், ‘தமிழ் கிராஸ் டார்ட்’ என்கிறது. அது மலைப்பக்கம்தான் இருக்கும், சமவெளியில் கிடைத்தால் பெரிய செய்தி என்று நண்பர் சொல்கிறார். உறுதி செய்ய முடியுமா அண்ணாச்சி?

நவம்பர் 9, இரவு

தம்பி, படத்தில் மேல்பக்கம் மட்டும்தான் தெரிகிறது, அதுவும் பாதி. இதை வைத்து யாரும் உறுதி சொல்லக் கூடாது. அடிப்பக்கப் படம் வேண்டும். நாளை காலை வெயில் வந்தால் அதே இடத்துக்குப் போங்கள்.

நவம்பர் 10

நேற்று அவசரத்தில் இரண்டு வரியில் முடித்துவிட்டேன். காரணத்தையும் சொல்ல வேண்டும்.

ஸ்கிப்பர் என்பது வண்ணத்துப்பூச்சிகளில் ஒரு தனிக் குடும்பம். ஹெஸ்பெரிடே. உடம்பு தடியாக, கண் பெரிதாக, பறப்பது வெடுக் வெடுக்கென்று இருக்கும். பெரும்பாலானவற்றுக்கு உணர்கொம்பின் நுனி தூண்டில் முள் மாதிரி வளைந்திருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியில் மட்டும் ஏறத்தாழ 80 வகை. அதில் புல் தின்று வளரும் கூட்டம்தான் ஆளைக் குழப்புவது. ஒன்று முழுக்கப் பழுப்பாக இருக்கும், இல்லையென்றால் பழுப்பில் ஆரஞ்சாக இருக்கும்.

நம் திருநெல்வேலிச் சமவெளியில் சின்னதாக ஆரஞ்சுத் திட்டோடு புல்லில் பறப்பவை என்று பார்த்தால் முதலில் புஷ் ஹாப்பர், அதாவது ஆம்பிட்டியா டயஸ்கோரிடீஸ். அடுத்து பொடாந்தஸ் இனத்து டார்ட்டுகள். இன்னும் சற்றுப் பெரிதாக டெலிகோட்டா, பாம் டார்ட் என்பார்கள். இத்தனையும் தாண்டித்தான் டாராக்ட்ரோசெரா என்கிற கிராஸ் டார்ட் இனத்துக்கு வர வேண்டும். அதில் இங்கே இரண்டு. மேவியஸ் என்பதற்குக் கரும்பழுப்பில் சின்ன வெள்ளைப் புள்ளிகள், ஆரஞ்சு கிடையாது. அடிப்பக்கத்தில் பின்னிறக்கை நரம்புகள் வெளிறிக் கோடு கோடாகத் தெரியும். செராமஸ் என்பதுதான் உங்கள் ஆப் சொன்ன தமிழ் கிராஸ் டார்ட். திட்டு மஞ்சளாக இருக்கும். அதை நான் மலையேறித்தான் பார்த்திருக்கிறேன்.

இந்த இனம் முழுமைக்கும் ஓர் அடையாளம் உண்டு. உணர்கொம்பு நுனி மற்ற ஸ்கிப்பர்களைப் போலக் கொக்கியாக முடியாது. குட்டையாக, தட்டையாக, ஒரு பக்கம் குழிந்து மழுங்கி முடியும். கொம்பு நுனி தெளிவாக விழுந்த ஒரே ஒரு படம் கிடைத்தால் போதும், பாதி வழக்கு தீர்ந்துவிடும்.

உங்கள் படத்தில் இரண்டு கொம்பும் புல்லுக்குப் பின்னால் போய்விட்டன.

நவம்பர் 12

‘எத்தனை முறை போனாலும் உட்கார மாட்டேன் என்கிறது, கிட்டப் போனால் பறந்துவிடுகிறது’ என்று கேட்டவர் எழுதியிருக்கிறார்.

பறக்கட்டும். துரத்த வேண்டாம். ஆண் ஸ்கிப்பருக்கு இடப்பற்று அதிகம். ஒரு புல் நுனியைப் பிடித்து வைத்துக்கொண்டு அங்கிருந்து வருகிறவன் போகிறவனையெல்லாம் விரட்டிவிட்டுத் திரும்ப அதே நுனிக்கு, இல்லையென்றால் பக்கத்து நுனிக்கு வந்து உட்காரும். அது கிளம்பிய இடத்தைக் கண்ணில் வைத்துக்கொண்டு அங்கே முட்டி போட்டு உட்காருங்கள். உங்கள் நிழல் அதன் மேல் விழாத பக்கமாகப் பார்த்து உட்காருங்கள். நிழல் விழுந்தால் போச்சு.

நேரம் முக்கியம். காலை எட்டிலிருந்து பத்தரை வரை. ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை, புல் இன்னும் ஈரமாக இருக்கும்போது சுள்ளென்று வெயில் வருமே, அந்த நேரம்தான். இரவுக் குளிரில் உடம்பு விறைத்திருக்கும். சூடு ஏற்றிக்கொள்ளப் புல் உச்சிக்கு ஏறி வந்து உட்காரும். அப்போது முன்னிறக்கை இரண்டையும் பாதி தூக்கி, பின்னிறக்கையைத் தட்டையாக விரித்து ஒரு தினுசாக உட்கார்ந்திருக்கும். புல் ஸ்கிப்பர்களின் தனிப் பழக்கம் இது. இந்த நிலையில் மேல்பக்கமும் தெரியும், சற்றுத் தாழ்ந்து பக்கவாட்டில் எடுத்தால் அடிப்பக்கமும் கிடைக்கும். மேகம் மூடினால் புல்லுக்குள் இறங்கி இறக்கையை மூடிக்கொள்ளும். அதன் பிறகு காலால் புல்லை அளைந்து கிளப்புகிற வேலையெல்லாம் வேண்டாம். முட்டையும் புழுவும் அந்தப் புல்லில்தான் இருக்கின்றன.

இன்னொன்று. பூ இருக்கிற இடத்தைப் பாருங்கள். குளத்தங்கரையில் வெட்டுக்காயப் பூண்டு கட்டாயம் இருக்கும். அந்தக் குட்டி மஞ்சள் பூ மேல் ஸ்கிப்பருக்குத் தனிப் பிரியம். நாக்கு நீளம், உறிஞ்ச ஆரம்பித்தால் சீக்கிரம் கிளம்பாது. அதில் உட்காரும்போது எடுத்தால் அளவுக்கும் ஆதாரம் கிடைக்கும், பூ ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டருக்குள் இருக்கும்.

நவம்பர் 13

இன்றைக்கு அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி எல்லாம் நல்ல மழை. போக வேண்டாம் தம்பி. கன்னடியன் கால்வாய்க் கரை வழுக்கும்.

நவம்பர் 17

வந்துவிட்டது. அருமையான படம்.

பின்னிறக்கையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். நல்ல மஞ்சள், அதில் சின்னச் சின்னக் கறுப்புத் திட்டுகள் வரிசையாக. இது புஷ் ஹாப்பர். ஆண். மேல்பக்கத்து ஆரஞ்சும் அதற்குப் பொருந்துகிறது. பெண்ணுக்கு ஆரஞ்சு குறைந்து புள்ளிகளாகச் சுருங்கிவிடும். அதனால் ஒரே இடத்தில் ஆணும் பெண்ணும் பறந்தால் இரண்டு இனம் என்று நினைக்கத் தோன்றும். உங்கள் இரண்டாவது படத்தில், பின்னால் மங்கலாக உட்கார்ந்திருக்கிறதே, அது பெண்ணாக இருக்கலாம். அந்தப் படத்தை வைத்து அதற்கு மேல் சொல்ல முடியாது.

ஆக, தமிழ் கிராஸ் டார்ட் இல்லை.

நவம்பர் 18

‘சாதாரணப் பூச்சிதானா, இதற்கா இவ்வளவு அலைந்தேன்’ என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கே சாதாரணம் என்று பாருங்கள். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் நின்று தேடினால் கிடைக்குமா? கிடைக்காது. இதன் புழு நெல்லும், லீர்சியா என்கிற நீரோரப் புல்லும் தின்று வளர்வது. லீர்சியா பார்க்க நெற்பயிர் போலவே இருக்கும், இலை ஓரம் சுரசுரவென்று கையைக் கீறும். வாய்க்கால் கசிவு, மடை ஓரம், மறுகால் பாயும் இடம், இப்படித் தண்ணீர் நின்றும் நிற்காமலும் இருக்கிற ஓர் ஈரப் பட்டைதான் அதற்கு வேண்டும். அந்தப் பட்டையைச் சிமெண்ட் போட்டுப் பூசிவிட்டால் இந்தப் பூச்சி அங்கே இல்லை. நம் வாய்க்கால்களில் எவ்வளவு தூரம் அப்படிப் பூசியாகிவிட்டது என்று உங்களுக்கே தெரியும்.

ஒரு குளத்தின் மறுகாலில் புஷ் ஹாப்பர் இருக்கிறது என்பது அந்த மறுகால் இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதற்குச் சாட்சி. அபூர்வமான பெயர் கிடைப்பதைவிட எனக்கு இது பெரிதாகப் படுகிறது. தேதி, இடம், புல், இரண்டு பக்கப் படம் நான்கும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள்.

நவம்பர் 19

நேற்று எழுதியதோடு சேர்த்துப் படிக்க. நெல்லிலும் வளரும் என்றால் வயல் முழுக்க இருக்க வேண்டுமே, ஏன் வரப்பிலும் வாய்க்காலிலும் மட்டும் பார்க்கிறோம் என்று ஒருவர் கேட்கிறார். நல்ல கேள்வி. நான் பார்த்தவரை வயல் நடுவிலும் பறக்கும், ஆனால் உட்காருவதற்கும் தேன் குடிப்பதற்கும் வரப்புக்கு வந்துவிடும். பூ அங்கேதானே இருக்கிறது. களைக்கொல்லி அடித்து வழித்த வரப்பில் ஒன்றும் இருக்காது. அறுவடைக்கும் அடுத்த நடவுக்கும் இடையில் வயலில் பயிரே கிடையாது, அந்த நாட்களில் நீரோரப் புல்தான் அடைக்கலம்.

நவம்பர் 24

களக்காட்டு அண்ணாச்சி கேட்டது: ‘பிசான நெல் நட்டு இருபது நாள் ஆச்சு. இலை சுருண்டு கிடக்கு. கடையில் மருந்து அடிக்கச் சொல்றாங்க. இந்த வண்ணத்துப்பூச்சிதான் காரணமா?’

அண்ணாச்சி, மருந்து அடிப்பதற்கு முன்னால் ஒரு சுருளைப் பிரித்துப் பாருங்கள்.

இலைச்சுருட்டுப் புழு வேறு. அது ஒரு சின்ன அந்துப்பூச்சியின் புழு. இலையை நீளவாக்கில் மடித்து உள்ளே இருந்துகொண்டு பச்சையத்தைச் சுரண்டும். வெளியிலிருந்து பார்த்தால் இலையில் வெள்ளை வெள்ளையாக நீளக் கோடுகள் ஓடும், புழுவைத் தொட்டால் துள்ளி நெளியும். ஸ்கிப்பர் புழு அப்படிச் சுரண்டாது. இலையின் ஓரத்திலிருந்து நடு நரம்பு வரை கடித்துத் தின்றுவிடும். வயலில் பாதி இலை காணாமல் போய் நரம்பு மட்டும் நிற்கிறது என்றால் அது இவன் வேலை.

எங்கள் வீட்டு வயலில் நேற்று ஒரு சுருளைப் பிரித்துப் பார்த்தேன். இலையின் இரண்டு ஓரத்தையும் பட்டு நூலால் இடம் விட்டு இடம் விட்டுத் தைத்து இழுத்திருந்தது. உள்ளே இளம்பச்சைப் புழு, விரல் கணு நீளம். தோல் வழியாக உள்ளே ஓடும் கரும்பச்சைக் கோடு முதுகில் தெரிகிறது. தலை வெளிர்பச்சை, அதன் இரண்டு பக்கமும் செம்பழுப்பில் ஒரு வரி. இது ஸ்மால் பிராண்டட் ஸ்விஃப்ட், பெலோபிடஸ் மாத்தியாஸ். சுருளுக்குள் ஒரு துளி எச்சம் இல்லை, அவ்வளவு சுத்தம். ஸ்கிப்பர் புழுக்கள் எச்சத்தை வீட்டுக்குள் போடுவதில்லை. பின்பக்கத்தில் உள்ள சீப்பு போன்ற உறுப்பால் தூர எறிந்துவிடும். வட அமெரிக்க ஸ்கிப்பர் ஒன்றை வைத்து ஆராய்ந்தபோது தன் உடல் நீளத்தைப் போல 30 மடங்குக்கும் மேலான தூரம் எறிவது தெரிந்தது. எச்சத்தின் வாடையை மோந்து குளவி வீட்டைக் கண்டுபிடித்துவிடும் என்பதுதான் காரணம்.

பக்கத்துச் சுருளில் இருந்த புழுவின் மேல் வெள்ளையாகக் குட்டிக் குட்டிக் கூடுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அது சின்ன ஒட்டுண்ணிக் குளவியின் வேலை. புழு உயிரோடுதான் இருந்தது, ஆனால் இனிப் பூச்சியாகாது. அண்ணாச்சி, உங்களுக்காக அந்தக் குளவி சம்பளமில்லாமல் வேலை பார்க்கிறது. ஸ்கிப்பர் புழுவால் மகசூல் பெரிதாகக் குறைவது அரிது. நட்ட இளம்பயிர் கொஞ்சம் இலை இழந்தாலும் புதுத்தூர் விட்டுத் தேறிக்கொள்ளும். இப்போது மருந்து அடித்தால் முதலில் சாவது குளவிதான்.

வெள்ளைக் கோடு கோடாக வயல் முழுக்க இருந்தால் மட்டும் வேளாண்மை அலுவலரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

நவம்பர் 25

அண்ணாச்சியின் அடுத்த கேள்வி வாழை பற்றி. களக்காட்டுக்காரர் வாழையைப் பற்றிக் கேட்காமல் இருப்பாரா!

வாழை இலையைக் கிழித்துக் குழலாகச் சுருட்டி, உள்ளே வெள்ளை மாவு பூசிய புழு இருந்தால் அதுவும் ஸ்கிப்பர்தான். எரியோனோட்டா இனம். பூச்சி பெரிது, கண் சிவப்பு, அந்தி மயங்கும் நேரத்தில்தான் பறக்கும். கேரளத்தில் வாழைத் தோட்டங்களில் நிறைய வந்திருக்கிறது. சுருளைப் பறித்து உள்ளே இருப்பதை நசுக்கினால் தீர்ந்தது. உங்கள் தோட்டத்தில் பார்த்தால் படம் போடுங்கள்.

தென்னையில் நீளநீளமாக வெள்ளை மெழுகு இழை போர்த்திய புழு வந்தால் அது ஜயன்ட் ரெட்ஐ. பனையிலும் ஈச்சையிலும் இன்னொன்று, பாம் பாப். சாம்பல் பின்னிறக்கையில் கறுப்புப் பொட்டுகள் தெளிவாகத் தெரியும், தெரிந்துகொள்ள ரொம்ப எளிது. பனங்காடு உள்ள ஊர்க்காரர்கள் எல்லோரும் அதைப் பார்த்திருப்பீர்கள்.

புல்லுக்குத் திரும்புவோம்.

டிசம்பர் 3

கேட்ட தம்பிக்கு இப்போது ஆசை பிடித்துவிட்டது. வரிசையாக ஸ்விஃப்ட், அதாவது பழுப்பு ஸ்கிப்பர் படங்கள் போட்டிருக்கிறார். எல்லாவற்றிலும் ஆப் வெவ்வேறு பெயர் சொல்லியிருக்கிறது. ஒரே பூச்சியின் இரண்டு படத்துக்கு இரண்டு பெயர்.

மூன்று இடம் பாருங்கள். ஒன்று, பின்னிறக்கை அடிப்பக்கத்தில் வளைவாகப் போகும் புள்ளி வரிசைக்கு உள்ளே, இறக்கையின் அடிப்பகுதியை நோக்கி, தனியாக ஒரு புள்ளி இருக்கிறதா? இருந்தால் பெலோபிடஸ். இல்லையென்றால் ரைஸ் ஸ்விஃப்ட், அதாவது போர்போ சின்னாரா பக்கம் யோசிக்கலாம். இரண்டு, முன்னிறக்கை மேல்பக்கத்தில் சாய்வாக ஒரு வெளிறிய கோடு இருக்கிறதா? அது மாத்தியாஸ் ஆணின் முத்திரை. சின்னாராவில் ஆணுக்கும் அது கிடையாது. மூன்று, முத்திரை இருந்தால் முன்னிறக்கையின் நடு அறையில் உள்ள இரண்டு புள்ளிகளையும் சேர்த்து மனதுக்குள் ஒரு கோடு இழுத்து நீட்டுங்கள். கோடு முத்திரையை வெட்டினால் மாத்தியாஸ். வெட்டாமல் விலகிப் போனால் அதே இனத்து இன்னொரு வகை, பெலோபிடஸ் ஆக்னா.

பெண்ணுக்கு முத்திரை இல்லை என்பதால் மூன்றாவது வழி அடைபட்டுவிடும். அப்போது ‘பெலோபிடஸ் பெண்’ என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் பெயர் கொடுத்தே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. தவறான பெயர் பதிவில் ஏறிவிட்டால் அதைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து இன்னொருவர் என்று போய்விடும். பிறகு அந்த ஆப்பே அதைப் படித்துவிட்டு நமக்குத் திருப்பிச் சொல்லும்.

ஒரு தகவல், பிடித்துப்போனதால் சொல்கிறேன். மாத்தியாஸுக்கு டென்மார்க் பூச்சியியலாளர் ஃபாப்ரிசியஸ் 1798இல் பெயர் வைத்தது நம் தரங்கம்பாடியில் பிடித்த பூச்சியை வைத்து. ஆப்பிரிக்காவிலிருந்து ஜப்பான் வரை பறக்கிற பூச்சி, ஆனால் அறிவியலுக்கு அது தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர்க்காரன்.

டிசம்பர் 15

மழை விட்டுவிட்டது. புல் கதிர் தள்ளி நிற்கிறது. இப்போது மேட்டு நிலத்துக்குப் போக வேண்டிய நேரம்.

மேவியஸ், அந்த வெள்ளைப் புள்ளி கிராஸ் டார்ட்டைப் பார்க்க வேண்டுமானால் குளத்தை விட்டு வெளியே வாருங்கள். கங்கைகொண்டான் பக்கத்துச் செம்மண் மேடுகள், மானூர் வழியில் ஆடு மேயும் தரை, பாளையங்கோட்டையைத் தாண்டி வல்லநாட்டு மலையடிவாரம் இப்படி. கங்கைகொண்டானில் மான் சரணாலயத்துக்குள் போக அனுமதி வேண்டும், 2013இல் அறிவித்தது, 288 ஹெக்டேர்தான். வெளியில் உள்ள தரையே நமக்குப் போதும். கொழுக்கட்டைப்புல்லும் அருகும் முழங்கால் உயரத்துக்கு நிற்கிற, வேலிக்கருவை நெருங்காத, வெயில் தாராளமாக விழுகிற இடமாகப் பாருங்கள்.

தரையோடு தரையாகப் பறக்கும். ஒரு சாண் உயரத்துக்கு மேல் ஏறுவதே அரிது. முதலில் கண்ணில் படுவது மேவியஸாக இருக்காது, இந்தியன் ஸ்கிப்பராகத்தான் இருக்கும். கறுப்பில் வெள்ளைப் புள்ளிகள் நிறைய இறைந்து கிடக்கும். இரண்டும் சிறிது, இரண்டும் தாழப் பறக்கும், இரண்டிலும் வெள்ளைப் புள்ளி. பறக்கும்போது பிரிக்க முடியாது. உட்கார்ந்ததும் பாருங்கள். இந்தியன் ஸ்கிப்பர் நான்கு இறக்கையையும் தட்டையாக விரித்து வெயில் காயும். மேவியஸ் புல் கூட்டத்து வழக்கப்படி முன்னிறக்கையைத் தூக்கி வைக்கும், இல்லையென்றால் மூடிவிடும். மூடினால் அதிர்ஷ்டம், வெளிறிய நரம்புகள் தெரிந்துவிடும். அப்புறம் இந்தியன் ஸ்கிப்பருக்குப் புல் தேவையே இல்லை, அதன் புழு குறுந்தோட்டி வகைச் செடிகளில் வளர்வது. புல்தரையில் பார்த்தோம் என்பதாலேயே அது புல் பூச்சி ஆகிவிடாது.

இதை ஏன் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன் என்றால், ‘மேவியஸ்’ என்று எனக்கு வந்த படங்களில் பாதி இந்தியன் ஸ்கிப்பர்தான்.

டிசம்பர் 16

ஆரஞ்சாக இருப்பதையெல்லாம் பழனி டார்ட் என்று எழுதுகிற நண்பருக்கு.

பொடாந்தஸ் இனத்தில் பல வகைகள் மேல்பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். மஞ்சள் பட்டையின் அகலம், அது எங்கே முறிகிறது என்று பார்த்து ஓரளவு ஊகிக்கலாம். உறுதி வேண்டுமென்றால் ஆண் பூச்சியின் பிறப்புறுப்பை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்க வேண்டும். பழனி டார்ட்டுக்கு 1914இல் பெயர் வைத்த பிரிகேடியர் எவன்ஸ் வாழ்நாளில் பெரும்பகுதியை ஸ்கிப்பர்களுக்கே கொடுத்தவர். அவர் கையில் பூச்சியை வைத்துக்கொண்டு பார்த்தார். நாம் செல்போன் படத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறோம். ‘பொடாந்தஸ் இனம்’ என்று எழுதுங்கள். அது முழுமையான, நேர்மையான விடை.

பிடித்துக் கொன்று பார்க்கலாமா என்று யாரும் கேட்க வேண்டாம். அது அனுமதி பெற்ற ஆராய்ச்சியாளர் வேலை. மலையில் செராமஸ் தேடப் போகிறவர்களுக்கும் இதே பேச்சுதான். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது, படம் எடுக்கத்தான் என்றாலும்.

ஜனவரி 4

இன்று காலை நான் வழக்கமாகப் போகும் மேட்டுத் தரைக்குப் போனேன். பொக்லைன் வந்து வழித்துப் போட்டிருக்கிறது. புல்லோடு மேல்மண்ணையும் சேர்த்து. ‘சுத்தம் செய்யச் சொல்லியிருக்காங்க சார், காடு மாதிரி கிடந்துச்சே’ என்றார் ஓட்டுநர். அவரைச் சொல்லி என்ன? அவருக்கு வந்த உத்தரவு அது.

வருத்தமாக இருக்கிறது. போன மாதம் இங்கேதான் மேவியஸ் ஆண்கள் ஒன்றை ஒன்று விரட்டிக்கொண்டிருந்தன. பயிர்க் கணக்கில் இந்தத் தரை தரிசு. அடங்கலில் ஒரு வார்த்தை எழுதிவிட்டால் அதில் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடுகிறது. மரம் இருந்தால் வெட்டாதே என்று சொல்ல பத்துப் பேர் வருவார்கள். புல்லுக்கு யாரும் வருவதில்லை. புல்தரையில் மரம் நட்டுவிட்டுப் பசுமையாக்கிவிட்டோம் என்று போட்டோ எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. நல்ல மனதோடுதான் செய்கிறார்கள், எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த நிழல் விழுந்த இரண்டு மூன்று வருஷத்தில் வெயில் விரும்பும் புல் போய்விடும், புல் போனால் அதைத் தின்கிற பூச்சி போய்விடும். வானம்பாடி தரையில் முட்டையிட இடம் இருக்காது.

ஊரில் பெரியவர்கள் மேய்க்கால் புறம்போக்கு என்று ஒதுக்கி வைத்தார்களே, அது மாட்டுக்காக ஒதுக்கியது. கூடவே இத்தனை உயிரும் அதில் ஒண்டிக்கொண்டது. ஆடு மாடு அளவாக மேய்ந்தால் புல்தரை நிற்கும். அடியோடு நிறுத்தினால் கருவை ஏறும், அளவு மீறினால் மண் தெரியும். அந்தக் கணக்கு ஆடு மேய்க்கும் கீதாரிகளுக்குத் தெரியும்.

ஜனவரி 6

‘புலம்பி என்ன பயன், என்ன செய்யலாம் சொல்லுங்கள்’ என்று ஓர் அக்கா கேட்டிருக்கிறார். சரி.

கரையைத் துப்புரவு செய்ய வேண்டியது உண்மைதான், கரை உடைந்தால் ஊருக்கே ஆபத்து. மடை, மறுகால் அடைப்பு எடுக்கத்தான் வேண்டும். ஆனால் முழு நீளத்தையும் ஒரே வாரத்தில் வழிக்க வேண்டியதில்லை. இந்த வருஷம் பாதி, அடுத்த வருஷம் மீதி என்றால், வழிக்காத பாதியிலிருந்து பூச்சி மறுபடி பரவிக்கொள்ளும். வெட்டுவதானால் ஒரு சாண் அடி விட்டு வெட்டச் சொல்லுங்கள், வேரோடு பிடுங்க வேண்டாம். சீமைக்கருவேலத்தை எடுக்கிறார்கள் என்றால் தடுக்க வேண்டாம், எடுத்த இடத்தில் உடனே மரக்கன்று வைக்காமல் ஒரு மழைக்காலம் பொறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். புல் தானாக வரும்.

எங்கள் ஊராட்சியில் இதைச் சொல்லிப் பார்த்தேன். முதலில் சிரித்தார்கள். ‘பட்டாம்பூச்சிக்காகவா?’ என்றார்கள். ஆட்டுக்காரர்கள் இரண்டு பேர் என்னோடு வந்து ‘எங்களுக்கும் புல் வேணும்யா’ என்றதும்தான் பேச்சு நின்று கேட்டார்கள். கிழக்குப் பக்கத்துக் கரையை இந்த வருஷம் தொட மாட்டோம் என்று சொல்லியிருக்கிறார்கள். எழுத்தில் கிடையாது, வாய்ச்சொல்தான்.

ஜனவரி 7

அக்காவுக்கு இன்னொன்று. கணக்கெடுங்கள். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ‘சின்ன ஆரஞ்சு’, ‘பழுப்பு’, ‘கறுப்பில் வெள்ளைப் புள்ளி’ என்று மூன்று பத்தி போட்டு ஒரே பாதையில் ஒரே நேரத்தில் நடந்து எண்ணினால் போதும். வழிப்பதற்கு முன்னும் பின்னும் எண் இருந்தால் அடுத்த முறை பேசும்போது கையில் ஏதாவது இருக்கும்.

ஜனவரி 19

பொங்கல் முடிந்து பார்த்தால் சேரன்மகாதேவித் தம்பி ஒரு படம் போட்டிருக்கிறார். கொழுந்துமாமலை அடிவாரத்துப் புல்லில் ஒரு ஸ்கிப்பர் வயிற்றை வளைத்து முட்டையிடுகிறது. அடுத்த படத்தில் முட்டை. இலையின் மேல்பக்கத்தில் ஒற்றை முட்டை, அடி தட்டை, மேலே குவிந்து வெண்மையாக இருக்கிறது. முட்டையிடும் படத்தில் உணர்கொம்பு நுனி நன்றாக விழுந்திருக்கிறது. பெரிதாக்கிப் பாருங்கள்: மழுங்கல், கொக்கி இல்லை. பின்னிறக்கையில் வெளிறிய நரம்பு. மேவியஸ் பெண்.

‘மலையடிவாரம்தானே, செராமஸாக இருக்கக் கூடாதா’ என்று கேட்கிறார். இருக்கக் கூடாது என்று இடத்தை வைத்து நான் சொல்ல மாட்டேன். நவம்பரில் மலையில்தான் பார்த்திருக்கிறேன் என்று எழுதியது என் அனுபவம், பூச்சிக்குப் போட்ட வேலி இல்லை. சேரன்மகாதேவியிலிருந்து மலை கூப்பிடு தூரம்தான். ஆனால் இந்தப் படத்தில் திட்டு வெள்ளை, நரம்பு வெளிறல். அதனால் மேவியஸ்.

இந்த இழையிலேயே எனக்கு மிகவும் பிடித்த படம் இதுதான். இடம் தெரிகிறது, பூச்சி தெரிகிறது, எதில் முட்டையிடுகிறது என்பதும் தெரிகிறது. ஒன்றுதான் பாக்கி, அந்தப் புல் எது? தம்பி, இலையை மட்டும் பார்த்துப் புல்லுக்குப் பெயர் வைக்க முடியாது. கதிர் வேண்டும். அந்தத் தூரை ஒரு நூல் கட்டி அடையாளம் வைத்துவிட்டு வாருங்கள், பக்கத்தில் ஆடு மேய்ப்பவரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். அவருக்கே அந்தப் புல்லின் பெயர் தெரிந்திருக்கும், கேட்டு எழுதுங்கள். கதிர் வந்ததும் முழுக் கதிர் ஒரு படம், ஒரு மணியைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்து ஒரு படம், தண்டில் இலை சேரும் கணுவிடம் ஒரு படம். மூன்றும் போடுங்கள்.